பால் பாக்கெட் வராத நாளில் பழக்கங்கள் என்ன ஆகின்றன?

2015 டிசம்பர் 2, புதன்கிழமை. ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். முந்தைய இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குத் திறந்துவிட்ட நீரும் ஊருக்குள் கொட்டிய மழையும் சேர்ந்து அடையாற்றைக் கரை தாண்ட வைத்திருந்தன. கரன்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, பால் வரவில்லை. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் அன்றைக்குச் சென்னையில் அச்சாகவே இல்லை. ஊழியர்களால் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை.

கீழ்வீட்டு அம்மா முந்தின நாள் இரவே மாடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ரேஷன் கார்டு, மாத்திரை டப்பா, ஒரு போர்வை, நனைந்து கூழாகிப்போன ஒரு நோட்டு. புதன்கிழமை இரவு உப்புமா சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், "தம்பி, ஒரு பேனா குடுங்க" என்றார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார். மெழுகுவர்த்தி 3, 60 ரூபாய். பால், இல்லை. அடியில் கோடு போட்டு மொத்தம் 60 என்று எழுதி, தாளை நான்காக மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

வீட்டுச் சாமான் முக்கால்வாசி தண்ணீரில் போனவருக்கு இந்த 60 ரூபாய்க் கணக்கு எதற்கு என்று அப்போது நினைத்தேன். அவரிடம் கேட்டிருந்தால் "எழுதாட்டி என்னமோ மாதிரி இருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பார். அந்த 'என்னமோ மாதிரி'யைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

பழக்கம் என்கிற ஒரே சொல்லில் நாம் நிறையத் திணித்துவிடுகிறோம். விரதம், கட்டுப்பாடு, ஒழுக்கம், மன உறுதி எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உளவியலார் சொல்லும் பழக்கம் அதைவிட எளிமையான ஒன்று. ஏதோ ஒரு தூண்டல் வருகிறது; யோசிக்காமலே ஒரு செயல் நடக்கிறது. செருப்பைக் கழற்றியதும் கால் கழுவுவது, வண்டியில் ஏறியதும் கை தானாக சீட் பெல்ட்டுக்குப் போவது. அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் அவ்வப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். அதில் ஏறக்குறைய 43 சதவீதம், வேறெதையோ நினைத்துக்கொண்டு, வழக்கமான இடத்தில், கிட்டத்தட்ட தினமும் செய்கிற காரியங்கள். நாளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதியை நம் கையும் காலும் தாமாகவே ஓட்டிவிடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மூளையில் தனி ஏற்பாடு இருக்கிறது. 'இதைச் செய்தால் அது கிடைக்கும், அது எனக்கு இப்போது வேண்டுமா' என்று கணக்குப் போடுவது ஒரு பக்கம். பேசல் கேங்லியா என்ற உட்பகுதியைச் சார்ந்து, பலமுறை செய்ததை ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துத் தூண்டல் வந்ததும் அவிழ்த்துவிடுவது இன்னொரு பக்கம். சாதாரண நாளில் இரண்டும் மாறிமாறி வேலை செய்கின்றன. நெருக்கடியில் தராசு பழக்கத்தின் பக்கம் சாய்கிறது. ஜெர்மனியில் ஷ்வாபே, வுல்ஃப் என்ற இருவர் 2009இல் இதைச் சோதித்தார்கள். கையைப் பனிநீரில் முக்கி வைத்து மன அழுத்தம் ஏற்றப்பட்டவர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுச் சலித்துப்போன உணவைத் தரும் பொத்தானையே திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். அழுத்தம் இல்லாதவர்கள் மாற்றிக்கொண்டார்கள். வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் ஆள் விடுப்பில் போய்விட்டார், கை மட்டும் வேலைக்கு வந்துவிட்டது.

கீழ்வீட்டு அம்மா அன்று தூங்கியதற்கும் நான் விழித்துக்கிடந்ததற்கும் இதுவே முழு விளக்கம் என்று சொல்ல மாட்டேன். அவர் என்னைவிட நிறையப் பார்த்தவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று இரவு நான் எல்லாவற்றையும் முதலிலிருந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது: இப்போது என்ன செய்ய, யாரைத் தேட, எதை எடுத்து வைக்க. அவருக்கு ஒரு ஐந்து நிமிடமாவது முடிவே எடுக்கத் தேவையில்லாத வேலை இருந்தது. அதோடு அந்த நாளை மூடவும் முடிந்தது.

சரி, அப்படியானால் பழக்கம் இருந்தால் போதும், கஷ்டகாலம் தாண்டிவிடலாமா? இங்கேதான் சிக்கல். நம் பாட்டிகள் 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று சொன்னது பாராட்டாக அல்ல, எச்சரிக்கையாக. 2013இல் டேவிட் நீல், வெண்டி வுட், ஏமி டுரோலே மூவரும் தேர்வுக் காலத்தில் மாணவர்களைப் பின்தொடர்ந்தார்கள். படிப்புச் சுமையில் மன வலு குறைந்த வாரங்களில், நல்ல காலை உணவு சாப்பிட்டுப் பழகியவர்கள் அதை இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். இனிப்புப் பலகாரமே காலை உணவாகப் பழகியவர்களும் அதையேதான் இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். நெருக்கடி நல்லது கெட்டது பார்ப்பதில்லை, ஏற்கெனவே தடம் விழுந்திருப்பதை ஆழமாக்குகிறது. ஊரடங்கு நாட்களில் யார் யோகா செய்தார்கள், யார் இரவு இரண்டு மணிவரை செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள் என்று உங்கள் வீட்டிலேயே நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 2020 பிப்ரவரியிலேயே அதன் விதை இருந்திருக்கும்.

அதனால்தான் 'கஷ்டம் வந்தால் ஒழுங்காகிவிடுவேன்' என்ற எண்ணம் அநேகமாகப் பலிப்பதில்லை. வத்தலை ஐப்பசியில் போட முடியாது. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டை மாடியில் போட்டால்தான் ஐப்பசி மழையில் வத்தக்குழம்பு.

என் கதைக்கு வருகிறேன். கே.கே. நகர் சிவன் பூங்காவில் 9 ஆண்டுகள் காலை நடை போனவன் நான். மழை, காய்ச்சல், வெளியூர் தவிர ஒருநாளும் தவறியதில்லை என்று பீற்றிக்கொள்வேன். 2020 மார்ச்சில் பூங்காவைப் பூட்டினார்கள். என் 9 ஆண்டுப் பழக்கம் சரியாக இரண்டே நாளில் செத்துப்போனது. தலைக்குமேல் மொட்டை மாடி சும்மா கிடந்தது, கால் நன்றாகத்தான் இருந்தது, நேரமோ கொட்டிக் கிடந்தது. நடக்கவில்லை. கொஞ்ச நாள் என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, எனக்கிருந்தது நடக்கும் பழக்கமே இல்லை. 5.40க்குக் கேட்டில் நிற்கும் மூன்று நண்பர்களைப் பார்க்கும் பழக்கம், ஆறு சுற்று முடிந்ததும் வெளியே டீ குடிக்கும் பழக்கம். நடை இவற்றுக்கு நடுவில் ஓசியில் வந்துகொண்டிருந்தது.

உளவியலார் தூண்டல் என்பதை நான் ஆணி என்று புரிந்துகொள்கிறேன். சட்டை எவ்வளவு நல்ல சட்டை என்பது இருக்கட்டும், அது மாட்டியிருக்கும் ஆணி எந்தச் சுவரில் அடிக்கப்பட்டிருக்கிறது? வுட் குழுவினர் 2005இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிப்போன மாணவர்களின் உடற்பயிற்சி, பத்திரிகை வாசிப்பு, டிவி பார்ப்பது ஆகியவை புதிய இடத்தில் என்ன ஆயின? சூழல் முன்பு போலவே அமைந்தவர்களிடம் பழக்கம் தொடர்ந்தது. இடமும் சூழலும் மாறியவர்களிடம் பழக்கம் அறுந்து, அதன்பின் எல்லாம் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது.

இதைச் சென்னைக்காரர்கள் ஆய்வு இல்லாமலே ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கேரள வழக்கில் 41 நாள், இங்கே பலருக்கு ஒரு மண்டலம், 48 நாள். பத்து ஆண்டாகச் சிகரெட்டை விட முடியாதவர், மாலை விழுந்த நாளிலிருந்து தொடுவதில்லை. விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், வெறும் தரையில் படுக்கிறார். எப்படி முடிகிறது? கழுத்தில் மாலை தொங்குகிறது. கறுப்பு வேட்டி. டீக்கடையில், பஸ்ஸில், ஆபீஸில் எல்லோரும் 'சாமி' என்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஆணி. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் ஆணியெல்லாம் ஒரே நாளில் பிடுங்கப்படுகின்றன. பழைய பெட்டிக்கடை, பழைய நண்பர்கள், பழைய நெருப்புப்பெட்டி. பக்தி குறைந்துவிட்டதென்று கேலி செய்வோம். என்னைக் கேட்டால் அவர் 48 நாள் பட்ட பாடு உண்மை, மாட்டி வைக்கத்தான் வேறு சுவர் இல்லை.

நாள் கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. 21 நாளில் எதையும் பழக்கமாக்கிவிடலாம் என்று சொல்லிச்சொல்லியே ஒரு தொழில் நடக்கிறது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 'குறைந்தது' வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்தபோது, ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை விரிந்தது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொண்டது, உடற்பயிற்சி இழுத்தடித்தது. எனக்கு அதில் மிகவும் ஆறுதலான செய்தி, நடுவில் ஒருநாள் தவறினால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பது. 'ஒருநாள் விட்டாச்சு, இனி என்ன' என்று கைகழுவும் என் போன்ற ஆட்களுக்கு இதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம்.

இனி கொஞ்சம் பணம். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கடுகு டப்பாவிலும் அரிசி டின்னிலும் பதுக்கும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்திருக்கிறோம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றானதும் அந்த டப்பாக்கள் எல்லாம் ஹாலுக்கு வந்து கொட்டப்பட்டன. பல வீடுகளில் கணவருக்கே அன்றுதான் கணக்குத் தெரிந்தது. டிசம்பர் 5 அன்று முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்தார், கடைகள் மூடின. டிசம்பர் 12 வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, மின்கம்பிகள் அறுந்தன. ஐந்து வாரத்துக்குள் மூன்று அடி. பழைய நோட்டு செல்லாது, புது நோட்டு கையில் இல்லை, கார்டு தேய்க்கலாம் என்றால் மிஷினுக்குக் கரன்ட் இல்லை, ஏடிஎம் இருட்டாகக் கிடந்தது.

அந்த வாரத்தில் எங்கள் தெருவில் யாருக்கு அரிசி கிடைத்தது தெரியுமா? மாதம் பிறந்து ஐந்து தேதிக்குள் அண்ணாச்சி கடைப் பாக்கியை அடைத்துவிடுகிறவர்களுக்கு. அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டு மெழுகுவர்த்தியும் பருப்பும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார், ஆனால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டுதான். சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடிப்போன வாடிக்கையாளன் அல்லவா நான். டப்பாவில் சேர்த்தவர்களும் கெட்டிக்காரர்கள்தான், அவர்கள் சேமிப்பு ஒரே வடிவத்தில் இருந்ததுதான் பிரச்சினை. ஐந்து தேதிக்குள் பாக்கி அடைப்பதைச் சேமிப்பு என்று யாரும் சொல்வதில்லை. அண்ணாச்சியின் தலைக்குள் பல வருடமாகச் சேர்ந்துகொண்டே இருந்த அந்த நம்பிக்கைக்கு நோட்டும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம்.

2019 கோடையில் ஊருக்கே புதுப் பழக்கம் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஜூனில் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஒரு வாளியில் குளித்தோம், பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினோம், ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடித்தோம். மழை வந்தபின் எங்கள் வீட்டில் எது மிஞ்சியது என்று பார்த்தேன். ஒரு வாளிக் குளியல் அந்த வாரமே போய்விட்டது. ஆர்ஓ மிஷின் கழிக்கும் தண்ணீரைப் பிடித்து வீடு துடைப்பது இன்றுவரை நடக்கிறது. காரணம் தியாகமெல்லாம் இல்லை. குழாய்க்கு அடியில் அன்று வைத்த நீல வாளியை யாரும் நகர்த்தவில்லை, அவ்வளவுதான். வாளி நிறைகிறது, யாராவது துடைக்கிறார்கள். 2003இல் கட்டாயமான மழைநீர் சேகரிப்பிலும் இதே கதைதான். குழாய் சட்டப்படி வந்துவிட்டது. செப்டம்பரில் மொட்டை மாடியைக் கூட்டி, குழியில் இருக்கும் மணலையும் ஜல்லியையும் எடுத்து அலசிப் போடும் வேலைக்கு யார் வீட்டிலும் ஆணி அடிக்கப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019இல் லாரி இரவு ஒரு மணிக்கு வந்தாலும் இரண்டு மணிக்கு வந்தாலும் குடத்தோடு வரிசையில் நின்றவர்கள் யார்? தெருவில் நின்ற பத்துப் பேரில் எட்டுப் பேர் பெண்கள். 'எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்திலும் ஒழுங்கு குலையாது' என்று பெருமை பேசும் வீடுகளில் அந்த ஒழுங்கு பெரும்பாலும் ஒரே ஒருவரின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவருக்குச் சிக்குன்குனியா வந்தால் மூன்றாம் நாள் வீடு நின்றுவிடும். குடும்பத்தைத் தாங்கும் பழக்கம் என்று எதையாவது சொல்லும்போது அது எத்தனை பேருடைய பழக்கம் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

வெள்ளமும் புயலும் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். மாதக்கணக்கில் நீளும் கஷ்டம் வேறு வகை. வேலை போவது அப்படி. ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில் ஒரே பிழைப்பாக இருந்த நெசவாலை மூடப்பட்டபின் மரீ யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்து எழுதியது 1933இல் வெளிவந்தது. நேரம் ஏராளமாகக் கிடைத்த அந்த ஊரில் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, பெருமளவு குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். சமையலும் துணி துவைப்பதும் இருந்ததால் பெண்களின் நாளுக்கு மட்டும் ஒரு உருவம் மிஞ்சியிருந்தது. சம்பளத்தோடு சேர்ந்து வேலை இன்னொன்றையும் தந்துகொண்டிருந்திருக்கிறது: நாளைத் துண்டு போட்டுக் கொடுத்திருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குக் காசிமேடு ஞாபகம் வந்தது. இங்கே கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம், 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. வருமானம் நின்றுபோகும் இரண்டு மாதம். ஆனாலும் காலையில் துறைமுகத்துக்குப் போனால் ஆள் இருக்கிறார்கள். படகைக் கரையேற்றிச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறார்கள், நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்கள். கடன் ஏறத்தான் செய்கிறது, அதை நான் அழகுபடுத்த விரும்பவில்லை. ஆனால் நாள் அவர்கள் கையிலிருந்து நழுவுவதில்லை. தேதி தெரிந்த கஷ்டம் என்பதால் அதற்கென்றே ஒரு வேலைவரிசை உருவாகியிருக்கிறது.

பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவருக்குத் தேதி தெரியாத கஷ்டம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் மாதம் பத்து மணிக்கு எழுந்தார், லுங்கியிலேயே இருந்தார், சாப்பாடு நாலு மணிக்கு. அவருடைய அம்மாதான் ஒருநாள் காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸைக் கட்டி மேஜையில் வைத்து, "எங்கயாச்சும் போயிட்டு வாடா" என்றார். அவர் போனது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்த அந்த நூலகத்தில் நம் சொந்தப் புத்தகத்தை எடுத்துப்போய் உட்கார்ந்து படிக்க ஒரு பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். அங்கே லேட்டாகப் போனால் இடம் கிடைக்காது என்பதாலேயே இவர் ஒழுங்காகக் கிளம்ப ஆரம்பித்தார். வேலை கிடைக்க எட்டு மாதம் ஆனது. நூலகம் வேலை வாங்கித் தரவில்லை. எட்டு மாதமும் அவர் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

உளச்சோர்வுக்கான சிகிச்சைகளில் இதற்கு ஒரு முறையே இருக்கிறது. மனம் தெளிந்தபின் செயல் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை நேரம் குறித்துச் செய்ய வைத்து, மனம் பின்னால் வரட்டும் என்று விடுவது. 1970களில் பீட்டர் லெவின்சன் போன்றவர்கள் வளர்த்த வழி இது, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. டிபன் பாக்ஸ் கட்டிய அம்மாவுக்கு லெவின்சனைத் தெரியாது.

சரி, ஆணியை எங்கே அடிப்பது? நான் என் அளவில் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். நடையைப் பூங்கா கேட்டிலிருந்து கழற்றிப் பல் துலக்குவதில் மாட்டினேன். பல் துலக்கியதும் நடை. வெள்ளம் வந்தாலும் ஊரடங்கு வந்தாலும் ஆஸ்பத்திரியில் துணைக்குப் படுத்திருந்தாலும் பல் துலக்குவோம் இல்லையா. அப்புறம் அதற்கு ஒரு மழைக்கால அளவு வைத்தேன். முழு அளவு 40 நிமிடம், மழைக்கால அளவு ஹாலுக்கும் அடுப்படிக்கும் பத்துத் தடவை. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், என் மகள் சிரிக்கத்தான் செய்கிறாள். ஆனால் முழு அளவு மட்டுமே தெரிந்த பழக்கம், அது முடியாத முதல் நாளிலேயே ஒடிகிறது.

'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதற்கும் பலன் இருக்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் இதை விளக்கி எழுதினார். வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பவர்களைவிட, எப்போது எங்கே என்று முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் செய்து முடிப்பது அதிகம். சென்னைக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். காசிமேட்டைப் போல நமக்கும் கஷ்டத்தின் தேதி ஓரளவு தெரியும். ஆயுத பூஜைக்கு வீட்டைத் துடைக்கும் அன்றே மாத்திரையை 15 நாளைக்கு வாங்கி வைப்பது, முக்கியமான போன் நம்பர்களைத் தாளில் எழுதி பிளாஸ்டிக் கவரில் போடுவது என்று நான் முடிச்சுப் போட்டிருக்கிறேன். பூஜை தவறாது, அதனால் இதுவும் தவறுவதில்லை.

ஆனால் ஆணி அடிக்கச் சுவரே இல்லாதவர்களிடம் போய் இதைப் பேச முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரம் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊரின் தெற்குக் கோடியில் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வீடு கான்கிரீட். ஆனால் நடந்து போய் மூன்று வீட்டில் வேலை செய்துவிட்டு ஒன்பது மணிக்குள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு பெண்ணின் காலை முழுக்கப் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. கடன் கொடுக்கும் கடைக்காரர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவி, சீட்டுப் பிடிக்கும் அக்கா, எல்லாமே ஆளுக்கொரு பிளாக்கில். இப்படி ஒரு குடும்பத்தின் அத்தனை ஆணிகளையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டு, பிறகு 'அந்தப் பகுதி சரியில்லை, ஒழுங்கில்லாத சனங்கள்' என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

தனி மனிதருக்கும் ஒரு எல்லை உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போகலாம் போலிருக்கிறது என்றால் அது பழக்கத்தால் சரிக்கட்டும் விஷயம் இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இலிருந்து இந்த ஊரில் இருக்கிறது. தற்கொலைத் தடுப்புக்கென்றே தொடங்கிய 'சினேகா' 1986இலிருந்து இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, 2022இலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் டாக்டரிடம் போகிறோமே, அந்த மாதிரி நினைத்துக்கொள்ளலாம்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் பக்கம் இந்த முறை தண்ணீர் வாசலோடு நின்றது, ஆனால் கரன்ட் போய்விட்டது. கீழ்வீட்டு அம்மா இப்போது மகன் வீட்டோடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். மறுநாள் இரவு பால் ஏதும் கிடைத்ததா என்று கேட்கப் போனேன். சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பேரன் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி, நீங்க மெழுகுவர்த்தி என்ன விலைக்கு வாங்கினீங்க?" என்றார்.